வட்டுக்கோட்டையில் படிப்பித்த வாத்திமார்

(எமது சங்கத்தின் தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகின்றது.)



நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. ஊரிலே ஏ.எல். வரைக்கும் படித்தேன். இங்கே வந்து தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் எமது தமிழ்ப் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். செயலாளர் அண்ணை என்னைப் பேசச் சொல்லிக் கேட்டபோது, "என்னத்தைப் பற்றிப் பேசிறது?" என்றேன். "வாத்திமாரைப் பற்றிப் பேசும். பெற்றோருக்கு அதுதான் இப்ப தேவை" என்றார். ஏன் தேவை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு பழைய கல்லூரிக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

வட்டுக்கோட்டை என்றால் எங்கடை ஆக்களுக்கு 1976ஆம் ஆண்டுத் தீர்மானந்தான் உடனே ஞாபகத்துக்கு வரும். அதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு முந்தியே அந்த ஊரின் பெயர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அச்சாகி இருந்தது. காரணம், அங்கே இருந்த ஒரு சின்னக் கிறிஸ்தவக் கல்லூரி. 1823இல் தொடங்கியது. வட்டுக்கோட்டை செமினரி என்பார்கள். இப்போது யாழ்ப்பாணக் கல்லூரி நிற்கின்ற அதே இடந்தான். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் அதைத் தொடங்கினார்கள்.

அவர்கள் உண்மையிலே கேட்டது ஒரு கல்லூரி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி அமைக்கப் போகிறோம் என்று 1823இல் திட்டம் எழுதி அச்சடித்தார்கள். இலங்கையை ஆண்ட பிரித்தானிய அரசாங்கம் கல்லூரிச் சாசனம் கொடுக்கவில்லை. அமெரிக்கர் மேலும் வந்து இறங்குவதையும் ஆளுநர் பார்ண்ஸ் விரும்பவில்லை. ஆகவே 1827இல் "செமினரி" என்ற பெயரோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று.

இதிலே டென்மார்க்கில் இருக்கின்ற நாங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதே 1827ஆம் ஆண்டிலேதான் இந்த நாட்டு அரசர் ஆறாம் பிரெடெரிக், வங்காளத்தில் இருந்த இன்னொரு சின்னக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தோடு அரச சாசனம் கொடுத்தார். அது செராம்பூர்க் கல்லூரி. தரங்கம்பாடி டெனிஷ்காரரின் கையில் இருந்தது எங்களுக்குத் தெரியும். செராம்பூரும் அப்படியே. 1845இல் இரண்டு ஊரையும் பிரித்தானியருக்கு விற்றபோதும் அந்தச் சாசனம் செல்லும் என்று உடன்படிக்கையில் எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் இந்தியாவில் இறையியல் பட்டங்கள் செராம்பூரின் பெயரால் கொடுக்கப்படுகின்றன.

செராம்பூர்க் கல்லூரியை 1818இல் தொடங்கியவர்கள் யார் என்று பாருங்கோ. வில்லியம் கேரி இங்கிலாந்தில் சப்பாத்துத் தைத்தவர். மார்ஷ்மன் ஒரு நெசவாளியின் மகன். வார்ட் அச்சுக்கூடத் தொழிலாளி. பிரித்தானியக் கம்பனி தன் மண்ணிலே மிஷனரிமாரை விடாதபடியால் 1800இல் டெனிஷ் கொடியின் கீழே ஒதுங்கினவர்கள். எங்களைப்போல என்று சொன்னால் கொஞ்சம் கூடிப்போகும், ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான். சப்பாத்துத் தைத்த கேரி வங்காளியும் சமஸ்கிருதமும் படித்துப் பேராசிரியரானார். அவருடைய சொந்த ஆசை செடி கொடிகளில். தோட்டம் போட்டு, கல்லூரியிலே தாவரவியல் பற்றி விரிவுரை செய்தார். ஒரு பெரிய விருந்திலே ஒருவர், இவர் முந்திச் சப்பாத்துச் செய்தவர்தானே என்று இளக்காரமாகக் கேட்டாராம். கேரி அதற்கு, செய்தவன் அல்ல, பழைய சப்பாத்தைத் திருத்தினவன் மட்டுந்தான் என்றாராம். இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ.

சரி, வட்டுக்கோட்டைக்கு வருவோம்.

செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர். 1789இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்தில் டான்வேர்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியில் படித்தவர். 1816இல் தெல்லிப்பழையில் வந்து இருந்து தமிழ் படிக்கத் தொடங்கினார். சமயம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைக்கவில்லை. ஆனால் அவருக்குக் கணிதத்திலும் வானசாஸ்திரத்திலும் ஒரு தனிப் பிரியம். வட்டுக்கோட்டை ஊரோ பஞ்சாங்கம் கணிக்கின்ற பரம்பரை வாழ்ந்த ஊர். அந்தப் பரம்பரையில் அப்போது விசுவநாத சாஸ்திரியார் பெரிய பெயரோடு இருந்தார். ஒரே ஊரில் இரண்டு கணிதக்காரர். முட்டுப்படாமல் இருக்குமோ?

1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு சந்திர கிரகணம். சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொன்னது. செமினரிக் கணக்கு வேறு நேரம் சொன்னது. தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், சந்திரன் எவ்வளவு மறையும் என்பது, இந்த மூன்றிலும் வித்தியாசம். பூவர் அதை ஊருக்கெல்லாம் முன்கூட்டியே தெரியப்படுத்திவிட்டார். கிரகணம் பூவர் சொன்னபடி வந்தது. பூவர் இதைத் தன் சமயத்துக்கு வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். நான் அப்படிப் பார்க்கவில்லை. தூரதிருஷ்டிக் கண்ணாடி எதுவும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் பண்ணிவந்த வாக்கியங்களை வைத்துக் கணக்கிட்ட சாஸ்திரியார் கிரகண நாளைப் பிழையில்லாமல் சொன்னவர். வித்தியாசம் நிமிடக் கணக்கில்தான். அதுவும் சின்னக் கெட்டித்தனம் அல்ல.

எங்கடை ஆக்கள் இப்போதும் ஒவ்வொரு சித்திரைக்கும் தொலைபேசியில் இதே சண்டைதான் பிடிக்கினம். "வாக்கியப்படி வருஷம் இத்தனை மணிக்குப் பிறக்குது, திருக்கணிதப்படி இத்தனை மணிக்கு, மருத்துநீர் எப்ப வைக்கிறது?" என்று. பூவரும் சாஸ்திரியாரும் தொடங்கின கதை இன்னும் முடியவில்லை என்று சொல்லலாம்.

பூவருக்குப் பிறகு 1836இல் பொறுப்பெடுத்தவர் ஹென்றி ஹொய்சிங்ரன். வேர்மொன்ற் மாநிலத்தவர். இவருக்கும் வானசாஸ்திரம் உயிர். ஆனால் பூவர் வாதாடி வென்ற இடத்தில் இவர் உட்கார்ந்து படித்தார். எங்களவர் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை முழுக்கக் கற்று, 1848இல் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் ஒரு வானசாஸ்திர நூலை யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். எதிராளியின் கணக்கையே பாடப் புத்தகமாக்கின மனிதர்.

அதோடு நிற்கவில்லை. சைவசித்தாந்தத்தைப் படிக்கத் தொடங்கினார். சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. சிவஞானபோதத்துக்கு வந்த மிக முந்திய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அது ஒன்று. சைவத்தை மாற்ற வந்தவர் சைவத்தின் அடிப்படை நூலை மேல்நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தான் மறுக்க நினைத்ததை முதலில் ஒழுங்காக விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற நேர்மை அவரிடம் இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேதன் வார்ட் என்ற வைத்தியர் 1833இல் வந்து விஞ்ஞானம் படிப்பித்தார். டாக்குத்தர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, அடுத்த வருடம் மானிப்பாய்க்குப் போனார். மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர் அவர். அதே மிஷனைச் சேர்ந்த வின்சிலோவுக்கு ஆசை சொற்களில். 1862இல் சென்னையில் அவர் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதியில் அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதற்கு எங்கள் பண்டிதர்மார் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

இனி முக்கியமான பகுதி. அந்தக் கல்லூரியில் வெள்ளைக்காரர் ஒரு சிலர்தான். வகுப்புகளில் பெரும் பங்கைச் சுமந்தவர்கள் அங்கேயே படித்து அங்கேயே ஆசிரியரான எங்கள் ஊர்ப் பொடியள்.

அவர்களின் பெயர்களைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவைப் பொறுப்பெடுத்தால், அவர் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைப்பார்கள். இங்கே எங்கடை பிள்ளையள் டெனிஷ் வாத்தியாரின் வாய்க்கு வசதியாகத் தங்கள் பெயரைச் சுருக்கிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பெயர்கள் ஞாபகம் வரும். ஆனால் அவர்கள் முன்னுக்குக் கறோலைப் போட்டாலும் பின்னுக்கு விசுவநாதபிள்ளையை விடவில்லை.

கறோல் விசுவநாதபிள்ளை கணித ஆசிரியர். அட்சரகணிதத்தை, இப்போது பிள்ளைகள் அல்ஜிப்ரா என்கிறதை, தமிழிலே "வீசகணிதம்" என்ற நூலாக 1855இல் எழுதினார். இன்றைக்கு ஏ.எல். கணிதம் தமிழில் படித்தவர்கள் எல்லாரும் அந்த வழியிலே நடந்தவர்கள்தான். நானும் ஒருவன். அவருடைய மாணவர்களில் ஒருவர் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி.வை. தாமோதரம்பிள்ளை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது, அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளாகத் தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் தாமோதரம்பிள்ளை. மற்றவர் அவருக்குப் படிப்பித்த விசுவநாதபிள்ளை! வாத்தியாரும் மாணவனும் ஒரே சோதனைக்குத் தோற்றி ஒன்றாகப் பட்டம் எடுத்தார்கள். அப்போது வாத்தியாருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. "எனக்கு இனி என்ன படிப்பு" என்று சொல்கின்ற அண்ணாமார், அக்காமார் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே மகனோடு ஒரே மேசையில் இருந்து டெனிஷ் படிக்க வெட்கப்படுகிற தகப்பன்மாரும் கவனிக்க வேண்டும்.

தாமோதரம்பிள்ளை பிறகு சைவத்துக்கே திரும்பினார். ஏட்டிலே அழிந்துகொண்டிருந்த நூல்களைத் தேடிப் பதிப்பித்தார். 1881இல் வீரசோழியம், 1887இல் கலித்தொகை. இன்று நாங்கள் சங்க இலக்கியம் என்று பெருமைப்படுகின்றோமே, அதை அச்சில் பார்க்கச் செய்த முன்னோடிகளில் ஒருவர் இந்தச் சின்னக் கல்லூரியின் பிள்ளை.

நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் ஆசை தர்க்கத்தில். 1850இல் "நியாய இலக்கணம்" என்று தர்க்கநூல் ஒன்றைத் தமிழில் எழுதினார். முதுமையில், 1887இல், யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு ஆங்கிலப் பாடசாலை தொடங்கினார். அது கைமாறிச் சைவ பரிபாலன சபையிடம் வந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. மிஷன் செமினரியின் வாத்தியார் நட்ட கன்று இந்துக் கல்லூரியாகக் காய்த்தது. இந்த மண்டபத்திலே இந்துக் கல்லூரிப் பழைய மாணவர்கள் மூன்று பேரையாவது நான் காண்கிறேன்.

ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளைக்குக் கதையிலும் கவிதையிலும் பிரியம். "உதயதாரகை" பத்திரிகையில் பணிபுரிந்தார். அது 1841இல் தொடங்கிய பத்திரிகை. அதன் முதல் ஆசிரியர்களும் செமினரி ஆட்கள்தான். நானூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டி 1886இல் "பாவலர் சரித்திர தீபகம்" என்று வெளியிட்டார். கிறிஸ்தவரான அவர் அதில் சைவப் புலவர்களையும் விடாமல் எழுதினார். கிரகணக் கதையில் வந்த விசுவநாத சாஸ்திரியாரும் அதிலே இருக்கிறார்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. படித்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளாளர். பெண் பிள்ளைகளுக்கு உடுவிலில் 1824இல் தனிப் பாடசாலை வைத்தார்கள், அது வேறு. எங்கடை கல்விப் பெருமையைப் பேசும்போது யார் வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் அது உண்மையான பெருமை.

இவ்வளவு சிறப்பான கல்லூரி என்னவாயிற்று? இலங்கை அரசாங்கத்தின் செயலாளராக இருந்த ரெனென்ற், ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களோடு வைத்து எண்ணத்தக்கது என்று அதைப் புகழ்ந்து எழுதினார். ஆனால் 1855இல் பொஸ்ரனில் இருந்து வந்த மேலிடக் குழு அதை மூடிவிட்டது. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் போதகராகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், செலவழித்த காசுக்கு மதம் மாறியவர்கள் போதாது என்பது அவர்களின் கணக்கு. அவர்களுடைய கணக்கின்படி கல்லூரி தோற்றுப்போயிற்று. அதே ஆண்டில் பூவரும் மானிப்பாயில் கொலரா கண்டு இறந்துபோனார்.

ஆனால் அந்த வாத்திமார் விதைத்த ஆசைகள் மூடுபடவில்லை. ஊர்க் கிறிஸ்தவர்கள் முன்னின்று 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரியைத் தொடக்கினார்கள். அங்கே பிறகு காரைநகரைச் சேர்ந்த அலன் ஆபிரகாம் வந்தார். அம்பலவாணர் என்ற பெயரில் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்தார், தமிழிலும் புலமை உள்ளவர். 1910இல் ஹலியின் வால்வெள்ளி வந்தபோது அதன் போக்கைத் தானே கணித்து எழுதினார். 1912இல் லண்டன் அரச வானியல் சங்கம் அவரைத் தன் அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது. பூவர், சாஸ்திரியார், ஹொய்சிங்ரன் ஆகிய மூன்று பேரின் ஆசையும் காரைநகர்ப் பிள்ளை ஒருவரில் வந்து சேர்ந்ததை நினைத்துப் பாருங்கோ. அதே கல்லூரியில் படித்துப் படிப்பித்த ஹன்டி பேரின்பநாயகத்தின் ஈடுபாடு அரசியலிலும் தாய்மொழிக் கல்வியிலும். அவர் முன்னின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பிலேதான் 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். கிறிஸ்தவரான அவர் பிறகு கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபராகவும் இருந்தார்.

இப்போது நான் முதலில் விட்ட இடத்துக்கு வருகிறேன். பெற்றோருக்கு ஏன் இந்தக் கதை?

முந்தி டென்மார்க்கில் தாய்மொழி வகுப்பைக் கொம்யூன் நடத்த வேண்டும் என்று கடமை இருந்தது. 2002இல் எங்களைப் போன்ற, ஐரோப்பாவுக்கு வெளியில் இருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கடமை எடுக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு பாரம் முழுக்க எங்கடை சங்கங்களின் தலையில். சனிக்கிழமை காலையில் நித்திரையை விட்டு வந்து படிப்பிக்கின்றவர்கள் யார்? வெள்ளி இரவு வேலை முடித்து வருகிறவர், முதியோர் இல்லத்தில் பணிபுரியும் அக்கா, கிழமை நாட்களில் பாடசாலை துப்புரவு செய்யும் ஒரு தாய். அந்தத் தாய் ஊரில் ஏழு வருடம் ஆசிரியையாக இருந்தவர்.

போன வருடம் ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார்: "தம்பி, எங்கடை பிள்ளைக்குப் படிப்பிக்கிறவ கிளீனிங் செய்யிறவவாம், உண்மையோ?" அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் பிள்ளை நின்றது. பிள்ளைக்கு அந்தக் கேள்வியின் தொனி விளங்கியது. அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை வரவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. இப்போது முற்றாக நின்றுவிட்டது. தமிழ் ஒரு சொல்லிலே போய்விட்டது.

செராம்பூரிலே பேராசிரியர் பழைய சப்பாத்துத் திருத்தினவர். இந்த டென்மார்க்கிலேயே மக்கள் உயர்பாடசாலைகளை வளர்த்த கிறிஸ்டன் கொல்ட் ஒரு சப்பாத்துத் தைப்பவரின் மகன். ஒருவர் கிழமை நாளில் என்ன வேலை செய்கிறார் என்பதில் அவருடைய அறிவு தெரியாது. அவருக்கு எதிலே ஆசை என்பதைக் கேளுங்கோ, அதிலே தெரியும்.

நான் எங்கள் பாடசாலை ஆசிரியர்களை ஒருமுறை அப்படிக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு நாட்டுக்கூத்துப் பாட்டுகள் நூற்றுக்கணக்கில் மனப்பாடம். ஒருவர் ஊர்ப்பெயர்கள் எப்படி வந்தன என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் துப்புரவு வேலை செய்யும் அக்காவுக்குச் செடி கொடிகளின் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் தெரியும். டெனிஷ்க் காட்டிலே நிற்கும் மரங்களுக்கும் தமிழில் பெயர் தேடிக்கொண்டிருக்கிறா. கேரியின் தோட்டம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதிலே ஒன்றுகூட எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

ஆகவே பெற்றோரிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். ஒன்று, பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு ஓடாமல், ஒரு நாளாவது உள்ளே வந்து ஆசிரியரோடு கதையுங்கோ. எந்த ஊர், என்ன படித்தவர், எதில் விருப்பம் என்று கேளுங்கோ. வீட்டில் பிள்ளைக்கு அதைச் சொல்லுங்கோ. இரண்டு, உங்களுக்கும் ஏதாவது தெரிந்திருக்கும். வலை பின்னத் தெரிந்தவர், தையல் தெரிந்தவர், பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் எல்லாரும் வருடத்தில் ஒரு சனிக்கிழமை வந்து தமிழிலே அதைச் சொல்லிக் கொடுங்கோ. மூன்று, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பாடப் புத்தகம் முடிந்தால் போதும் என்று ஆசிரியரை நெருக்காமல், மாதத்தில் ஒரு மணித்தியாலம் அவருடைய சொந்த ஆசையைப் படிப்பிக்க விடுங்கோ.

எங்கள் பிள்ளைகள் எல்லாரும் தமிழ்ப் பண்டிதராக வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. பொஸ்ரன்காரரைப்போல நாங்களும் சோதனைப் புள்ளியை மட்டும் எண்ணிப் பார்த்தால், இந்தப் பாடசாலையையும் ஒரு நாள் மூடவேண்டியதுதான். இங்கே படித்த பிள்ளை நாளைக்கு எந்தப் பக்கம் போய் எதைச் செய்யும் என்று எங்களுக்குத் தெரியாது. வட்டுக்கோட்டையில் படிப்பித்தவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்படி படிப்பித்தார்கள். அதையாவது நாங்கள் செய்யலாம்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்புத் தொடங்கும். நின்றுபோன பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ. வாத்தியார் ஒருவரும் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார்.